பனிப் பாலைவனத்தில் இருந்து வந்த குரல்!

சிலர் தபால் தலை சேர்க்கிறார்கள். சிலர் புறா வளர்க்கிறார்கள். சிலர் தூண்டிலை எடுத்துக்கொண்டு குளத்தங்கரைக்குப் போய்விடுகிறார்கள். எல்லாம் பொழுதுபோக்கு!

இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஊர் உறங்கிய பிறகுதான் அவர்களுடைய பொழுதுபோக்கு சூடு பிடிக்கும். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ரேடியோப் பெட்டியின் குமிழை மெல்ல மெல்லத் திருப்புவார்கள். "யாராவது இருக்கிறீர்களா?" என்று ஆகாயத்தைக் கேட்பார்கள். ஜப்பானில் இருந்து ஒருவர், "இருக்கிறேன்" என்று பதில் சொல்லுவார். முன்பின் பார்த்திராத அந்த இரண்டு பேரும் அண்ணன் தம்பி மாதிரி பேசத் தொடங்கிவிடுவார்கள்.

"இதனால் என்ன பிரயோஜனம்?" என்று வீட்டில் உள்ளவர்கள் கேட்பது உண்டு. நியாயமான கேள்விதான். காலணா வருமானம் கிடையாது. தூக்கம் கெடுகிறது. கரண்டுச் செலவு வேறு!

ஆனால், இந்தப் பொழுதுபோக்கு பல உயிர்களைக் காப்பாற்றி இருக்கிறது. பனிக்கட்டியின் மீது சாகக் கிடந்தவர்களை மீட்டு இருக்கிறது. நடுக்கடல் தீவில் ஒரு குழந்தையைப் பிழைக்க வைத்து இருக்கிறது. திருவிழாக் கூட்டத்தில் தொலைந்து போனவர்களைச் சொந்த வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்து இருக்கிறது.

அந்தக் கதைகளைப் பார்ப்போம்.

"ஹாம்" என்றால் யார்?

நாம் வீட்டில் வைத்திருக்கும் ரேடியோ, கேட்க மட்டுமே உதவும். அதில் நாம் பேச முடியாது. பேசவும் கேட்கவும் கூடிய ரேடியோவைத் தம் வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சிலருக்கு அரசாங்கம் அனுமதி கொடுக்கிறது. இவர்களுக்கு "அமெச்சூர்" ரேடியோக்காரர்கள் என்று பெயர். செல்லப் பெயர் "ஹாம்".

ஆசைப்பட்டால் மட்டும் போதாது. பரீட்சை எழுத வேண்டும். அதில் தேறினால் லைசென்ஸ் கிடைக்கும். ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளப் பெயர் கொடுப்பார்கள். இந்திய ஹாம்களின் அடையாளம் பெரும்பாலும் "வி.யூ." என்று தொடங்கும். உலகத்தில் ஒருவருக்கு இருக்கும் அடையாளம் இன்னொருவருக்கு இருக்காது.

கட்டுப்பாடும் உண்டு. இந்த ரேடியோவில் வியாபாரம் பேசக் கூடாது. பாட்டுப் போடக் கூடாது. எந்த உதவி செய்தாலும் கூலி வாங்கக் கூடாது.

பிரதமராக இருந்த ராஜீவ்காந்தி ஒரு ஹாம். அவருடைய அடையாளம் "வி.யூ.2 ஆர்.ஜி.". ஜோர்டான் நாட்டு மன்னராக இருந்த உசேனும் ஒரு ஹாம். ரேடியோவில் வந்துவிட்டால் ராஜாவும் ஒன்று, ரயில்வே ஊழியரும் ஒன்று. அங்கே பட்டம் பதவி கிடையாது.

இவர்களுக்கு என்று தனிப் பாஷையும் இருக்கிறது. பேசி முடித்ததும் "73" என்பார்கள். "வாழ்த்துக்கள்" என்று அதற்கு அர்த்தம். "88" என்றால் "அன்பு முத்தங்கள்"! யாரோடு பேசினார்களோ அவருக்கு, பேசியதற்கு அத்தாட்சியாகத் தபாலில் ஒரு கார்டு அனுப்புவார்கள். ஹாம்களின் அறைச் சுவரைப் பார்த்தால், தேசம் தேசமாக வந்த கார்டுகள் ஒட்டி இருக்கும்.

ஒரு ஹாம் காலமாகிவிட்டால், "இறந்தார்" என்று சொல்ல மாட்டார்கள். "அவருடைய சாவி மௌனமாகிவிட்டது" என்பார்கள். சாவி என்பது, தந்தி அடிக்கும் கட்டை.

இனி, முதல் கதை.

நொறுங்கிய ஆகாயக் கப்பல்

1928-ம் ஆண்டு மே மாதம். இத்தாலி நாட்டுத் தளபதி உம்பர்ட்டோ நோபிலே, "இத்தாலியா" என்ற ஆகாயக் கப்பலில் வட துருவத்துக்குப் பறந்தார். ஆகாயக் கப்பல் என்பது, வாயு நிரப்பிய ராட்சத பலூன். அதன் அடியில், ஆட்கள் இருப்பதற்கு ஓர் அறை தொங்கும். அதில் 16 பேர் இருந்தார்கள். நோபிலேயின் செல்ல நாய் "டிட்டினா"வும் கூடப் போயிற்று.

வட துருவத்தை அடைந்துவிட்டார்கள். திரும்பி வரும்போதுதான் விபத்து நேர்ந்தது.

மே 25-ந் தேதி, ஆகாயக் கப்பல் திடீர் என்று கீழே இறங்கிப் பனிக்கட்டியில் மோதியது. தொங்கிய அறை நொறுங்கியது. 10 பேர் பனியில் வீசி எறியப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் இறந்தார். நோபிலேக்குக் காலும் கையும் முறிந்தன.

பாரம் குறைந்த பலூன், மீதி 6 பேரையும் தூக்கிக்கொண்டு மறுபடியும் மேலே கிளம்பியது. அந்த 6 பேர் என்ன ஆனார்கள் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

உயிரோடு இருந்தவர்கள் 9 பேர். எங்கு பார்த்தாலும் பனி. அவர்கள் நின்றது நிலம்கூட அல்ல. கடலின் மேல் மிதக்கும் பனிக்கட்டி! அது நாளுக்கு நாள் நகர்ந்துகொண்டே இருந்தது.

ஆனாலும் அதிர்ஷ்டம் அவர்களை முழுதாகக் கைவிடவில்லை. சிதறிக் கிடந்த சாமான்களில், ஆபத்துக் காலத்துக்கு என்று எடுத்து வந்த சின்ன ரேடியோ உடையாமல் இருந்தது. ஒரு கூடாரமும் கிடைத்தது. தூரத்தில் இருந்து பார்த்தால் தெரிய வேண்டும் என்பதற்காக, அதற்குச் சிவப்புச் சாயம் பூசினார்கள்.

ரேடியோக்காரரின் பெயர் பியாஜி. அவர், உடைந்த சாமான்களைக் கொண்டு ஒரு கம்பம் நட்டார். கம்பி கட்டினார். தந்திக் கட்டையை அடிக்கத் தொடங்கினார்.

மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி. எஸ்.ஓ.எஸ்.! "எங்களைக் காப்பாற்றுங்கள்!"

பதில் இல்லை.

ஒரு நாள் ஆயிற்று. இரண்டு நாள் ஆயிற்று. மூன்று பேர் பொறுமை இழந்து, "நடந்தே போய் உதவி கொண்டுவருகிறோம்" என்று கிளம்பிவிட்டார்கள். பியாஜி மட்டும் கட்டையை விடவில்லை.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அவர்களுக்குத் துணையாக வந்த கப்பல், அதே வட்டாரத்தில்தான் நின்றுகொண்டு இருந்தது. அந்தக் கப்பலில் பெரிய ரேடியோக் கருவிகள் இருந்தன. ஆனால், பியாஜியின் அபயக்குரல் அவர்கள் காதில் விழவே இல்லை!

கிராமத்து வாலிபர்

ரஷ்யாவில் "வோஸ்னெசென்யே-வோக்மா" என்று ஒரு கிராமம். பெரிய ஊர் அல்ல. பெயர் பெற்ற ஊரும் அல்ல. அங்கே நிக்கோலாய் ஷ்மித் என்ற வாலிபர் இருந்தார். ரேடியோ என்றால் அவருக்கு உயிர். தம் கையாலேயே ஒரு பெட்டி செய்துகொண்டார். அதில் ஒரே ஒரு வால்வுதான் இருந்தது.

ஜூன் 3-ந் தேதி மாலை. வழக்கம்போல் அவர் குமிழைத் திருப்பிக்கொண்டு இருந்தார். இரைச்சலுக்கு நடுவே மெல்லிய ஒலி கேட்டது. புள்ளி... கோடு... புள்ளி...

பென்சிலை எடுத்தார். காதில் விழுந்ததை எல்லாம் எழுதினார். முழுதாக ஒன்றும் கேட்கவில்லை. துண்டு துண்டாகத்தான் கிடைத்தது. ஆனால், "நோபிலே" என்ற பெயர் இருந்தது. "எஸ்.ஓ.எஸ்." இருந்தது!

வாலிபர் திடுக்கிட்டார். உலகமே தேடிக்கொண்டு இருக்கும் நோபிலே உயிரோடு இருக்கிறாரா?

உடனே மாஸ்கோவுக்குத் தந்தி கொடுத்தார். மாஸ்கோவில் இருந்து செய்தி இத்தாலிக்குப் பறந்தது. ஜூன் 6-ந் தேதி, பியாஜி தம் பெட்டியில் ரோம் வானொலியைக் கேட்டுக்கொண்டு இருந்தார். "சோவியத் நாட்டு அமெச்சூர் ஒருவர் உங்கள் குரலைக் கேட்டுவிட்டார்" என்ற செய்தி அதில் வந்தது. சிவப்புக் கூடாரத்தில் இருந்தவர்களுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

பக்கத்தில் இருந்த கப்பலுக்குக் கேட்காத ஒலி, 2 ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்த கிராமத்துக்குக் கேட்டது எப்படி?

பூமிக்கு மேலே, மிக உயரத்தில், வெயிலின் சக்தியால் மின்சாரம் ஏறிய காற்று மண்டலம் ஒன்று இருக்கிறது. ரேடியோவின் சிற்றலைகள் மேலே போய் அதில் மோதுகின்றன. சுவரில் எறிந்த பந்துபோல் திரும்பிப் பூமிக்கு வருகின்றன. ஆனால், புறப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் வந்து விழுவது இல்லை. வெகு தூரம் தாண்டித்தான் விழுகின்றன. அதனால்தான் கிட்டத்தில் இருப்பவனுக்குக் கேட்காதது, எட்டத்தில் இருப்பவனுக்குக் கேட்கிறது!

ஒரு மண்டலம்

பல நாடுகள் உதவிக்கு ஓடி வந்தன. தென் துருவத்தை முதன்முதலில் அடைந்த வீரர் ஆமுண்ட்சென், நோபிலேயோடு மனஸ்தாபம் கொண்டவர். "அவர் ஆபத்தில் இருக்கிறார்" என்று கேட்டதும், பகையை மறந்து விமானத்தில் புறப்பட்டார். ஜூன் 18-ந் தேதி கிளம்பிய அந்த விமானம் திரும்பி வரவே இல்லை.

ஜூன் 23-ந் தேதி, சுவீடன் நாட்டு விமானி ஒருவர் பனிக்கட்டியின் மேல் இறங்கினார். நோபிலேயையும் நாயையும் ஏற்றிக்கொண்டு போனார். மற்றவர்களை அழைத்துப்போக அவர் திரும்பி வந்தபோது, அவருடைய விமானமே கவிழ்ந்துவிட்டது!

கடைசியில் "கிராசின்" என்ற ரஷ்யக் கப்பல், பனியை உடைத்துக்கொண்டு வந்து சேர்ந்தது. கூடாரத்தில் மிஞ்சி இருந்த 5 பேரையும் ஜூலை 12-ந் தேதி அது மீட்டது. நடந்து போன மூன்று பேரில் இருவரும் அதே கப்பலால் பிழைத்தார்கள். ஒருவர் வழியிலேயே இறந்துவிட்டார்.

மே 25-ல் இருந்து ஜூலை 12 வரை 48 நாள். நம் ஊர்க் கணக்கில் ஒரு மண்டலம்! போனவர்கள் 16 பேர். திரும்பியவர்கள் 8 பேர். ஒற்றை வால்வுப் பெட்டியோடு ஒரு வாலிபர் காதைத் தீட்டிக்கொண்டு இராவிட்டால், அந்த 8 பேரும் பிழைத்து இருப்பார்களா என்பது சந்தேகமே.

அந்த வாலிபருக்கு என்ன கிடைத்தது? பேரும் புகழும் கிடைத்தன. ஆனால், அவை நிலைக்கவில்லை. பிற்காலத்தில், தேசத்துரோகி என்று அவர் மீது பொய்க் குற்றம் சாட்டினார்கள். 1942-ல் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். அவர் குற்றமற்றவர் என்று அரசாங்கம் 1984-ல்தான் ஒப்புக்கொண்டது. எட்டுப் பேரின் அழுகுரலைக் கேட்டவருக்காகக் கேட்க, அன்று ஒரு காதும் இல்லை!

தீவில் ஒரு சிறுவன்

இரண்டாவது கதை, பசிபிக் மகாசமுத்திரத்தில் நடந்தது.

1947-ல் நார்வே நாட்டு ஆராய்ச்சியாளர் தோர் ஹேயர்டாலும் 5 தோழர்களும், "கோன்-டிக்கி" என்ற கட்டுமரத்தில் பெரு நாட்டில் இருந்து புறப்பட்டார்கள். பழங்கால மக்கள் இப்படித்தான் கடலைக் கடந்து இருக்க முடியும் என்று நிரூபிப்பது அவர்கள் நோக்கம். 101 நாள் மிதந்தார்கள். ஆகஸ்டு 7-ந் தேதி, ரரோயா என்ற தீவின் பவளப் பாறையில் மோதினார்கள். கட்டுமரம் சிதைந்தது. ஆறு பேரும் உயிர் தப்பிக் கரை சேர்ந்தார்கள்.

அவர்களிடமும் ஒரு சிறு ரேடியோ இருந்தது. அதன் சக்தி 6 வாட். இன்று நம் வீட்டில் எரியும் சாதாரண எல்.ஈ.டி. பல்புக்குக்கூட அதைவிட அதிகச் சக்தி உண்டு! அதைக் கொண்டே அவர்கள் பயணம் முழுவதும் அமெரிக்க ஹாம்களுடன் பேசி வந்தார்கள்.

தீவு மக்கள் அவர்களை அன்போடு வரவேற்றார்கள். அங்கே ஒரு சிறுவனுக்குத் தலையில் பெரிய கட்டி. காய்ச்சல் நெருப்பாகக் கொதித்தது. டாக்டர் இல்லை. ஆஸ்பத்திரி இல்லை. பையன் பிழைப்பான் என்ற நம்பிக்கையே யாருக்கும் இல்லை.

பயணிகளிடம் மருந்துப் பெட்டி இருந்தது. ஆனால், எந்த மருந்தை எவ்வளவு கொடுப்பது? அவர்களில் யாரும் டாக்டர் இல்லையே!

ரேடியோவை முடுக்கினார்கள். லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் இருந்த ஒரு ஹாம் பதில் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டதும், அவர் ஒரு டாக்டரின் உதவியைத் தேடினார். பையனுக்கு எப்படி இருக்கிறது, கைவசம் என்னென்ன மருந்து இருக்கிறது என்று தீவில் இருந்து சொன்னார்கள். என்ன செய்ய வேண்டும் என்று டாக்டரின் யோசனை கடல் கடந்து வந்தது. அதன்படியே கட்டியைக் கீறிச் சுத்தம் செய்தார்கள். பென்சிலின் மருந்து கொடுத்தார்கள்.

காய்ச்சல் இறங்கியது. பையன் பிழைத்துக்கொண்டான்.

டாக்டர், பையனின் முகத்தைப் பார்த்ததே இல்லை!

சுனாமி வந்த காலை

மூன்றாவது கதை, நமக்கு மறக்க முடியாத நாளில் நடந்தது.

2004-ம் ஆண்டு டிசம்பர். ஐதராபாத்தில் உள்ள தேசிய அமெச்சூர் ரேடியோ நிலையத்தைச் சேர்ந்த பாரதி பிரசாத் என்ற பெண்மணி, ஒரு குழுவோடு அந்தமானுக்குப் போய் இருந்தார். அந்தமானில் பல ஆண்டுகளாக எந்த ஹாமும் பேச அனுமதி கிடைத்தது இல்லை. ஆகவே, அந்தத் தீவோடு ஒரு தடவையாவது பேசிவிட வேண்டும் என்று உலகம் எங்கும் ஹாம்கள் தவம் கிடந்தார்கள். அந்த ஆசையைத் தீர்த்து வைப்பதற்காகத்தான் பாரதி பிரசாத் போனார். "வி.யூ.4 ஆர்.பி.ஐ." என்பது அங்கே அவருடைய அடையாளம்.

டிசம்பர் 26-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. போர்ட் பிளேரில் (இன்று அதன் பெயர் ஸ்ரீ விஜயபுரம்) விடியற்காலையில் அவர் ரேடியோவில் இருந்தார். திடீர் என்று அறை ஆடியது. பூகம்பம்! வெளியே ஓடினார். அடுத்து, சுனாமி வந்தது.

அதே அலைகள்தான் நம் நாகப்பட்டினத்தையும் கடலூரையும் குமரியையும் சூறையாடின. அந்தக் காலையில் உற்றார் உறவினரைத் தேடி அலைந்தவர்களுக்கு, "இருக்கிறார்களா, இல்லையா" என்ற ஒரு வார்த்தையின் விலை தெரியும்.

அந்தமானிலும் அதே கதிதான். டெலிபோன் செத்துவிட்டது. மின்சாரம் நின்றுவிட்டது. தீவுக்கும் தாய்நாட்டுக்கும் இடையே செய்தி போக வழி இல்லை.

பாரதி பிரசாத் ஊர் திரும்பவில்லை. ஓட்டல் கட்டடத்துக்கு வெளியே, திறந்த வெளியில் ஏரியலைக் கட்டினார். ரேடியோவை வைத்தார். விளையாட்டாகப் பேச வந்தவர், தூது சொல்லத் தொடங்கினார். "இன்னார் பத்திரமாக இருக்கிறார், வீட்டுக்குச் சொல்லுங்கள்." "இன்னாரைப் பற்றித் தகவல் வேண்டும்." இப்படிச் செய்திகள் போயின, வந்தன. நாட்டின் பல பாகங்களில் உள்ள ஹாம்கள் அவற்றை வாங்கி, உரிய வீடுகளுக்குச் சொன்னார்கள்.

"நலம்" என்ற ஒரே சொல்லுக்காக அடுப்பு மூட்டாமல் காத்திருந்த குடும்பங்களுக்கு, அது தெய்வ வாக்காக இருந்தது.

தொலைந்த தாய்

ஆபத்து என்றால் புயலும் பூகம்பமும் மட்டும் அல்ல.

மேற்கு வங்காளத்தில் கங்கை கடலில் கலக்கும் இடம், கங்காசாகர். பொங்கல் நாளை ஒட்டி அங்கே பெரிய திருவிழா நடக்கும். லட்சக்கணக்கான பேர் தீர்த்தமாட வருவார்கள். கூட்டத்தில் வயதானவர்கள் வழி தவறிவிடுவது உண்டு. சிலருக்குச் சொந்த ஊரின் பெயரைச் சொல்லக்கூடத் தெரியாது. பேசுகிற பாஷையும் அங்கே உள்ளவர்களுக்குப் புரியாது.

அப்படிப்பட்டவர்களைக் குடும்பத்தோடு சேர்த்து வைக்கும் வேலையை, மேற்கு வங்காள ரேடியோ கிளப்பைச் சேர்ந்த ஹாம்கள் ஏற்றுக்கொண்டு இருக்கிறார்கள். பேச்சு எந்தப் பக்கத்துப் பேச்சு என்று கண்டுபிடிப்பார்கள். அந்தப் பக்கத்து ஹாம்களுக்குத் தகவல் சொல்லுவார்கள். விசாரித்து விசாரித்து, வீட்டைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பல ஆண்டுகளுக்கு முன்பே தொலைந்து போனவர்கள்கூட இப்படி வீடு திரும்பி இருக்கிறார்கள்.

வானத்தில் இருந்தும் பேச்சு!

இன்னொரு விசித்திரம். 1991-ல் ரஷ்ய விண்வெளி வீரர் செர்ஜி கிரிக்காலெவ், "மிர்" விண்வெளி நிலையத்தில் இருந்தார். அவர் மேலே இருக்கும்போதே, கீழே அவருடைய நாடான சோவியத் யூனியன் உடைந்து போயிற்று! அவர் 311 நாள் கழித்து, 1992 மார்ச் 25-ந் தேதி பூமிக்குத் திரும்பினார். அந்தத் தனிமையில் அவருக்கு ஆறுதலாக இருந்தது ஹாம் ரேடியோ. ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்மணி, அவரோடு அடிக்கடி பேசி வந்தார்.

இன்றும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் ரேடியோ இருக்கிறது. நிலையம் நம் தலைக்கு மேலே கடந்து போகும் சுமார் 10 நிமிடத்துக்குள், பள்ளிப் பிள்ளைகள் வீரர்களிடம் கேள்வி கேட்கலாம். 2025 ஜூலையில், நம் நாட்டு வீரர் சுபான்ஷு சுக்லா அங்கே இருந்தபோது ஹாம் ரேடியோவில் இந்தியாவுடன் பேசினார்.

செல்போன் இருக்கும்போது இது எதற்கு?

"சட்டைப் பையிலேயே போன் இருக்கிறதே! இனி ஹாம் எதற்கு?" என்று கேட்கலாம்.

2018-ல் கஜா புயல் அடித்தபோது, டெல்டா மாவட்டங்களில் என்ன ஆயிற்று? மின்கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. செல்போன்கள் ஊமையாயின. செல்போனுக்குக் கோபுரம் வேண்டும். கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். நடுவில் ஒன்று அறுந்தால், எல்லாம் அறுந்தது!

ஹாமுக்கு அந்தக் கவலை இல்லை. ஒரு ரேடியோ, ஒரு கார் பேட்டரி, மரத்தில் கட்ட ஒரு கம்பி. இவ்வளவுதான் வேண்டும். நடுவில் யாரையும் நம்பி இருக்க வேண்டியது இல்லை.

நீங்களும் சேரலாம்

12 வயது நிரம்பிய யாரும் லைசென்சுக்கு விண்ணப்பிக்கலாம். மத்திய அரசின் தகவல் தொடர்பு இலாகா பரீட்சை வைக்கிறது. ரேடியோ எப்படி வேலை செய்கிறது, சட்டதிட்டங்கள் என்ன என்ற இரண்டைப் பற்றியும் கேட்பார்கள். உயர்ந்த வகை லைசென்சுக்கு, தந்திக் கட்டை அடிக்கவும் தெரிய வேண்டும். பெரிய படிப்பு தேவை இல்லை. ஆர்வம் உள்ள பள்ளிக்கூடப் பிள்ளை சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம்.

லைசென்ஸ் கிடைக்கும் வரை சும்மா இருக்க வேண்டியது இல்லை. சிற்றலை ரேடியோப் பெட்டி ஒன்று இருந்தால், மற்றவர்கள் பேசுவதைக் கேட்டுப் பழகலாம்.

புதிதாகச் சேருகிறவர்களுக்கு மூத்த ஹாம்கள் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமும் அதுதான்: "பேசுவதற்கு முன்னால், கேள். உன்னைவிட மெல்லிய குரலில் யாராவது கூப்பிட்டுக்கொண்டு இருக்கலாம்."